165 எடுத்தவர் 180 எடுத்தவரை முந்துவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

நுழைவுத்தேர்வு மார்க், பர்சன்டைல், நார்மலைசேஷன் (வெவ்வேறு தாள்களின் மார்க்கைச் சமன்செய்வது) பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் தேர்வு ஆலோசகர்கள் பதில் தருகிறார்கள். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துவிட்டோம். கணக்கு விளங்குவதற்காகச் சொல்லியிருக்கும் மாணவர் எண்ணிக்கைகள் உதாரணம் மட்டுமே.

மகன் ஜேஇஇ மெயின் எழுதினான். 165 மார்க். கூட டியூஷன் படிக்கும் பையனுக்கு 180. ஆனால் பர்சன்டைல் என் மகனுக்குத்தான் அதிகம். சந்தோஷப்படுவதா, எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று பயப்படுவதா?
— வாசகர், லாஸ்பேட்டை

சந்தோஷப்படுங்கள் சார். இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஜேஇஇ மெயின் பல நாள் நடக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேள்வித்தாள் வேறு. ஒன்றில் கணக்கு கழுத்தை நெரிக்கும், இன்னொன்றில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 300-க்கு எடுத்த மார்க்கை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கஷ்டமான தாளில் மாட்டியவருக்கு அநியாயம். ஆகவே தேர்வை நடத்தும் என்டிஏ ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: இந்த ஷிப்டில் எழுதியவர்களில் எத்தனை பேர் இவர் எடுத்த அளவோ, அதற்குக் கீழோ எடுத்திருக்கிறார்கள்? அந்த எண்ணிக்கையை ஷிப்டில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது பர்சன்டைல்.

நண்பரின் ஷிப்டில் 40,000 பேர் என்று வையுங்கள். 180-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 39,200 பேர். வகுத்தால் 98. உங்கள் மகனின் ஷிப்டில் 36,000 பேர். 165-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 35,460. வகுத்தால் 98.5. மகனின் தாள் கடினம்; அங்கே 165 எடுப்பதே பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

எந்த ஷிப்ட் யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் கலைத்துப்போட்டு ஒதுக்குகிறது. ஆகவே எல்லா ஷிப்டிலும் ஏறக்குறைய ஒரே தரமான கூட்டம்தான் உட்கார்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. பல்லாயிரம் பேர் எழுதும் ஷிப்டில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நூறு பேர் மட்டும் எழுதிய ஷிப்டென்றால் ஆட்டம் காணும்.

வீடுகளில் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. கணக்கு 97, இயற்பியல் 99, வேதியியல் 95 என்று பார்த்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 97 என்று மனசைத் தேற்றிக்கொள்வார்கள். மொத்த பர்சன்டைல் அப்படி வருவதில்லை. 300-க்கு எடுத்த மொத்த மார்க்கை வைத்துத் தனியாக மறுபடி கணக்கிடுகிறார்கள். மூன்று பாடத்திலும் சீராக எடுத்தவரின் மொத்தப் பர்சன்டைல் பல நேரம் இந்தச் சராசரியைவிட மேலேயே இருக்கும். ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனி ஆட்கள் முந்துவார்கள், மூன்றிலும் சேர்ந்து முந்துபவர்கள் குறைவு.

100 பர்சன்டைல் என்றால் 300-க்கு 300 என்றும் அர்த்தமில்லை. ஷிப்டில் முதலில் வந்தவர் 281 எடுத்திருந்தாலும் அவருக்கு 100-தான். அவரளவோ அவருக்குக் கீழோதான் எல்லோரும். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம் போடுவது ஒரே இடத்தில் பலர் நெருக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க. ரேங்க்கைக் குத்துமதிப்பாகப் பார்க்க 100-லிருந்து பர்சன்டைலைக் கழியுங்கள், வருவதை எழுதியவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 14 லட்சம் பேர் எழுதியதாக வைத்தால் 98.5-க்கு 21,000 பக்கம் வரும்.

நீட்டில் 50 பர்சன்டைல் வாங்கினால் தகுதி என்கிறார்கள். அப்படியென்றால் 720-க்கு 360-ஆ?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

இல்லை அம்மா. எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டினால் தகுதி என்று பொருள். அந்தப் பாதிக்கோடு 360-க்கு எங்கேயோ கீழே கிடக்கிறது: பொதுப் பிரிவுக்கு 2023-இல் 137 மார்க், 2025-இல் 144. எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவுகளுக்கு 40 பர்சன்டைல். தகுதி என்பது கவுன்சலிங் வாசலில் நிற்க அனுமதி மட்டுமே; அரசு இடம் கிடைக்க வேண்டிய மார்க் அதைவிட வெகு தூரம் மேலே. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியும் 2020 முதல் இந்த நீட் வரிசையில்தான் எம்பிபிஎஸ் இடம் தருகிறது. தனித் தேர்வு இல்லை. நீட் ஒரே நாளில் ஒரே வேளையில் நடப்பதால் அங்கே ஷிப்ட் தகராறும் கிடையாது.

கியூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு) எழுதினேன். ஒரு கேள்விக்கு 5 மார்க், தப்பானால் 1 மார்க் குறைவு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் முழு எண்தான் வர வேண்டும். எனக்கு மட்டும் தசமப் புள்ளியில் மார்க் வந்திருக்கிறதே?
— மாணவி, காலாப்பட்டு

உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான் வரும். ஜேஇஇ பர்சன்டைலோடு நின்றுவிடுகிறது. கியூட் இன்னும் ஒரு படி போய், பர்சன்டைலை மறுபடி மார்க்காக மாற்றுகிறது. பல்கலைக்கழகங்கள் இரண்டு மூன்று பாடங்களைக் கூட்டித் தரவரிசை போட வேண்டுமே. பர்சன்டைலைக் கூட்டுவது தப்பு, அதனால் இந்த வழி.

ஒரு பாடம் மூன்று ஷிப்டாக நடந்தது, நீங்கள் முதல் ஷிப்டில் 150 எடுத்தீர்கள், அது அங்கே 80 பர்சன்டைல் என்று வையுங்கள். இப்போது மற்ற ஷிப்டுகளில் 80 பர்சன்டைலில் நின்றவர் எவ்வளவு எடுத்தார் என்று தேடுவார்கள். இரண்டாம் ஷிப்டில் சரியாக 80-இல் யாருமில்லை. 140 எடுத்தவர் 79-இல், 145 எடுத்தவர் 81-இல். நடுவில் கோடு போட்டுப் பார்த்தால் 80-க்கு 142.5. மூன்றாம் ஷிப்டில் 80-இல் இருப்பவர் 156. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 149.5. உங்கள் மார்க் 149.5 என்று அச்சாகும். தசமம் பிறப்பது அந்த நடுக்கோட்டிலும் சராசரியிலும்தான்.

எடுத்ததைவிட அரை மார்க் குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. முதல் ஷிப்டில் உங்களோடு 150 எடுத்த அத்தனை பேருக்கும் அதே 149.5. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கும் இந்த மார்க்தான் போகிறது. விடைக்குறிப்பை வைத்து வீட்டில் கூட்டிய எண் போகாது. அதை எழுதிவைத்துக்கொண்டு போன வருஷ கட்-ஆஃபோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு மகனை ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்திருக்கிறோம். மாதிரித் தேர்வு முடிந்ததும் "ஸ்டாண்டர்ட் ஸ்கோர் 112" என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். எத்தனைக்கு 112 என்று கேட்டால் "அது அப்படி இல்லீங்க" என்கிறார்கள். அது எப்படித்தான்?
— தந்தை, கடலூர் முதுநகர்

அவர்கள் சொன்னது சரி, ஆனால் பாதியில் விட்டுவிட்டார்கள். இதற்கு "எத்தனைக்கு" கிடையாது. 100 என்பது அந்தத் தேர்வை எழுதிய கூட்டத்தின் நடு. 15 என்பது ஓர் அடி. 112 என்றால் நடுவிலிருந்து 12 மேலே. 12-ஐ 15-ஆல் வகுத்தால் 0.8. உங்கள் பையன் சராசரிக்கு மேலே 0.8 அடி நிற்கிறான். மார்க்குகள் வழக்கமான மணி வடிவத்தில் பரவியிருந்தால் அது சுமார் 79 பர்சன்டைல்.

அந்த "அடி"க்குப் பெயர் திட்ட விலக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கில் கடைசிப் பாடம். பரீட்சைக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத பாடம். எப்படிக் கண்டுபிடிப்பது, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஐந்து பிள்ளைகளை வைத்துக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் அ 20, ஆ 30, இ 40, ஈ 50, உ 60. மொழிப்பாடத்தில் அ 75, ஆ 75, இ 80, ஈ 75, உ 70. வழக்கம்போல் கூட்டினால் உ 130, ஈ 125, இ 120, ஆ 105, அ 95. உ முதலிடம்.

இப்போது கணக்குப் பாடத்தை மட்டும் எடுங்கள். சராசரி 40. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகினார்கள்: −20, −10, 0, 10, 20. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தினால் 400, 100, 0, 100, 400. கூட்டினால் 1000. ஐந்தால் வகுத்தால் 200. வர்க்கமூலம் 14.14. இதுதான் கணக்குப் பாடத்தின் ஓர் அடி. மொழிப்பாடத்தில் சராசரி 75, விலக்கம் 0, 0, 5, 0, −5, வர்க்கங்களின் கூடுதல் 50, ஐந்தால் வகுத்தால் 10, வர்க்கமூலம் 3.16. மொழியில் எல்லோரும் ஒட்டி ஒட்டி நிற்கிறார்கள், அடி சின்னது.

இனி ஒவ்வொருவரின் விலக்கத்தையும் அந்தந்தப் பாடத்தின் அடியால் வகுக்க வேண்டும். வருவதற்கு இசட் என்று பெயர். இசட் எண்ணில் மைனஸும் தசமமும் வந்து பெற்றோரைப் பயமுறுத்துவதால் அதை 10-ஆல் பெருக்கி 50-ஐக் கூட்டுவது ஒரு வழக்கம். சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவுத் தேர்வுக்கு 2020 வரை இந்த 50, 10 அளவுகோல்தான், 2021-இல் கைவிட்டார்கள். உங்கள் சென்டர் 15-ஆல் பெருக்கி 100-ஐக் கூட்டுகிறது. சரக்கு ஒன்றுதான், பொட்டலம் வேறு.

50, 10 அளவில் போட்டால் உ-வுக்குக் கணக்கு 64.1, மொழி 34.2, மொத்தம் 98.3. ஈ: 57.1-ம் 50-ம் சேர்ந்து 107.1. இ: 50-ம் 65.8-ம் சேர்ந்து 115.8. ஆ 92.9, அ 85.9. முதலிடத்தில் இருந்த உ மூன்றாம் இடம். மூன்றாம் இடத்தில் இருந்த இ முதலிடம்.

ஏன் புரண்டது? நேராகக் கூட்டும்போது பரந்து கிடக்கும் பாடம்தான் ரேங்க்கை நிர்ணயிக்கிறது. கணக்கில் 40 மார்க் வித்தியாசம், மொழியில் வெறும் 10. மொழிப்பாடம் பெயருக்குத்தான் தேர்வில் இருந்தது. அடியால் வகுத்த பிறகு இரண்டு பாடத்துக்கும் ஒரே எடை வந்துவிட்டது. எந்தப் பாடமும் இன்னொன்றை அமுக்கக்கூடாது என்பதற்காகச் செய்வது.

இதிலேயே கோளாறும் இருக்கிறது. மொழியில் 5 மார்க் கூட எடுத்ததற்கு இ-க்கு 15.8 புள்ளி கிடைத்தது. கணக்கில் 10 மார்க் கூட எடுத்த ஈ-க்கு 7.1-தான். எல்லோரும் நெருக்கமாக நிற்கும் பாடத்தில் ஒரு மார்க் யானை விலை. தாள் ரொம்ப சுலபமாக அமைந்து எல்லோரும் 90-க்கு மேல் வாங்கினால், கவனக்குறைவாக விட்ட ஒரு கேள்வி பிள்ளையைப் பத்து இடம் கீழே தள்ளிவிடும். எல்லோரும் ஒரே மார்க் எடுத்துவிட்டால் அடி பூஜ்யம், வகுக்கவே முடியாது.

கூட்டம் சிறிதென்றால் இந்த எண்ணை நம்பாதீர்கள். 20 பேர் எழுதிய மாதிரித் தேர்வில் இரண்டு சுட்டிப் பிள்ளைகள் அன்று வரவில்லையென்றால் மற்றவர்களில் பலரின் ஸ்கோர் ஏறும். யாரும் ஓர் எழுத்துக்கூடக் கூடுதலாகப் படித்திருக்க மாட்டார்கள். எக்செல்லில் போடும் சென்டர்களில் இன்னொரு சில்லறைத் தப்பும் நடக்கும். எஸ்டிடெவ்.பி என்ற ஃபார்முலா ஐந்து பேர் என்றால் ஐந்தால் வகுக்கும், எஸ்டிடெவ்.எஸ் நான்கால் வகுக்கும். நம் உதாரணத்தில் 14.14-க்குப் பதில் 15.81 வரும். ஒரு மாதம் ஒன்று, மறு மாதம் இன்னொன்று என்று போட்டால் பிள்ளை முன்னேறினானா, ஃபார்முலா மாறியதா என்றே தெரியாது.

ஆக, சீட்டு வாங்கும்போது மூன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் எழுதினார்கள், சராசரி என்ன, திட்ட விலக்கம் என்ன. பையன் எடுத்த மார்க்கும் வேண்டும். அந்த நான்கும் இல்லாத 112 வெறும் தாள்.

மகள் மத்திய அரசின் நவோதயா பள்ளி நுழைவுத்தேர்வு எழுதப் போகிறாள். வகுப்பிலேயே வயதில் சின்னவள் அவள்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மார்க் சேர்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அவள் அண்ணன் இதை எழுதித் தேர்வாகவில்லை, மறுபடி எழுதலாமா?
— வாசகி, பாகூர்

நவோதயாவில் அப்படி எதுவும் இல்லை. உங்களிடம் சொன்னவர் இங்கிலாந்தின் பதினோரு வயது நுழைவுத்தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் வகுப்பு ஒன்று, வயதில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இடைவெளி. பத்து வயதில் ஒரு வருஷம் சின்ன விஷயமல்ல. அதனால் பிறந்த மாதத்தைப் பார்த்து, அந்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, நாம் மேலே பார்த்த 100, 15 அளவில் ஸ்கோர் போடுவார்கள். ஒரே மார்க் எடுத்த இருவரில் இளையவருக்குச் சில புள்ளி கூட வரும்.

நவோதயா ஆறாம் வகுப்புத் தேர்வில் எடுத்த மார்க்தான் மார்க். 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மார்க். ஒரு கேள்விக்கு 1.25. மனத்திறன் 40 கேள்விக்கு 50 மார்க், கணக்கு 20-க்கு 25, மொழி 20-க்கு 25. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ஆகவே ஒரு வட்டத்தையும் காலியாக விட்டு வரக்கூடாது என்று பாப்பாவிடம் சொல்லிவையுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் அதற்கே. பாதி மார்க் மனத்திறனில் கிடக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இல்லாத பகுதி அது, பழகப் பழகத்தான் வரும். படத்தில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பது, கண்ணாடிப் பிம்பம், மடித்து வெட்டிய தாள் விரித்தால் எப்படி இருக்கும் என்பது மாதிரியானவை.

போட்டி மாவட்டத்துக்குள்தான். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்குக்கும் தனித்தனி நவோதயா இருக்கிறது. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 இடம், அதில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. காரைக்காலில் ஒருவர் குறைந்த மார்க்கில் தேர்வாகியிருந்தால் அதை வைத்து இங்கே நியாயம் கேட்க முடியாது. பாகூர் பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடியிருப்பது புதுச்சேரி, பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிப்பது கடலூர் என்றால் விண்ணப்பிக்க முடியாது. இருப்பதும் படிப்பதும் ஒரே மாவட்டமாக இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இரண்டாம் முறை கிடையாது. ஆறாம் வகுப்புத் தேர்வு ஒரே ஒரு முறைதான்.

சைனிக் பள்ளித் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 25 விழுக்காடு எடுத்தால் பாஸ் என்கிறார்களே?
— வாசகர், பண்ருட்டி

பாதி விதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாடத்துக்கு 25 விழுக்காடு, அதோடு மொத்தத்தில் 40 விழுக்காடு. பட்டியல் வகுப்பினருக்கு விதி வேறு.

ஆறாம் வகுப்புத் தேர்வு 300 மார்க்: கணக்கு 50 கேள்வி, தலா 3, ஆக 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு தலா 25 கேள்வி, தலா 2, ஆக 50. கணக்கில் 25 விழுக்காடு 37.5, மூன்று மூன்றாக ஏறுவதால் 13 கேள்வி சரியாகி 39 வர வேண்டும். மற்றவற்றில் 12.5, அதற்கு 7 கேள்வி, 14 மார்க். எல்லாவற்றிலும் விளிம்பில் தாண்டினால் 39-ம் மூன்று 14-ம் சேர்ந்து 81. மொத்தத்துக்கு வேண்டியது 120. இன்னும் 39 மார்க் பற்றாக்குறை! அந்த 39-ஐக் கணக்கிலேயே தேடலாம், இன்னும் 13 கேள்வி. இங்கே நார்மலைசேஷன் இல்லை, மைனஸும் இல்லை. தாளில் பாதி எடை கணக்குக்கு என்று வெளிப்படையாகவே வைத்துவிட்டார்கள்.

நான் நெய்வேலியில் சிபிஎஸ்இ பிளஸ் டூ. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் எங்கள் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள்.
— மாணவி, நெய்வேலி

மாநில வாரியத்தில் முதல் மார்க் 100-ஆக இருக்கும்வரை குறைக்க அந்த விதியில் வழியே இல்லை, ஏற்றத்தான் முடியும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007-இல் போய்விட்டது. அதை எடுத்த அதே சட்டம் வெவ்வேறு வாரியங்களின் மார்க்கை எப்படிச் சமன்செய்வது என்றும் சொல்கிறது: ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மார்க்கையும் மற்ற வாரியத்தின் முதல் மார்க்கையும் சமமாக வைக்க வேண்டும். மாநில வாரியத்தில் இயற்பியல் முதல் மார்க் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால் அந்த 90-ம் 100 ஆகிறது. அங்கே 60 எடுத்தவருக்கு 66.66.

சிபிஎஸ்இ-யிலும் யாரோ ஒருவர் அந்தப் பாடத்தில் 100 வாங்கிவிட்டால் 100-க்கு 100, எதுவும் மாறாது. ஒருவர் மார்க்கை மட்டும் பார்த்து லட்சம் பேரைச் சமன்செய்யும் முறை இது. நடுவில் நிற்பவர்களின் மார்க் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை இது கண்டுகொள்வதே இல்லை. மேலே பார்த்த முறைகளோடு வைத்துப் பார்த்தால் இதுதான் ரொம்ப மொட்டையானது என்பது எங்கள் கருத்து. கணக்கை 100-ஆகவும், இயற்பியல், வேதியியலைத் தலா 50-ஆகவும் சுருக்கிக் கூட்டி 200-க்கு கட்-ஆஃப் போடுங்கள். சிபிஎஸ்இ-யில் எடுத்த மார்க்கையே வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினர் மகளுக்கு இசட் புள்ளி 1.9 என்றார்கள். மூன்றுக்கு 1.9-ஆ? கொழும்பில் அதைவிடக் கூட எடுத்தவருக்கு இடம் இல்லையாமே?
— வாசகர், முத்தியால்பேட்டை

ஐந்து பிள்ளைகளை வைத்துப் போட்டோமே, அதே இசட்தான். இலங்கையில் உயர்தரத் தேர்வில் (நம் பிளஸ் டூ மாதிரி) மூன்று பாடத்துக்கும் தனித்தனி இசட் போட்டு, சராசரி எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு வரிசைப்படுத்துகிறார்கள். 2001 முதல் இந்த முறை. "மூன்றுக்கு" என்ற பேச்சே இல்லை, சராசரியிலிருந்து 1.9 அடி மேலே என்றால் மிக நல்ல மார்க்.

இடங்களில் 40 விழுக்காடுதான் நாடு முழுவதற்கும் பொது வரிசை. 55 விழுக்காடு மாவட்டங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. போட்டி கடுமையான மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி, அதாவது கட்-ஆஃப், மேலே நிற்கும். நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஈழத் தமிழரிடம் பேசும்போது இந்தக் கணக்கைத் "தரப்படுத்தல்" என்று சொன்னால் முகம் மாறும். 1970களின் தொடக்கத்தில் தமிழ்மொழியில் எழுதிய மாணவர்களுக்கு அதிக வெட்டுப்புள்ளி வைத்த அரசின் கொள்கைக்கு அங்கே அந்தப் பெயர். இசட் புள்ளி என்றே சொல்லிவிடுங்கள். அதுவும் தகராறு இல்லாமல் போனதில்லை: 2011 தேர்வில் பழைய பாடத்திட்டக்காரர்களையும் புதிய பாடத்திட்டக்காரர்களையும் ஒரே கூட்டமாக்கிப் புள்ளி போட்டதை 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டும் வேறு வேறு தாள், வேறு வேறு கூட்டம். ஒரே சராசரியும் ஒரே அடியும் எப்படிப் பொருந்தும்?

தப்பான கேள்விக்கு எல்லோருக்கும் போனஸ் மார்க் என்று அறிவித்தார்கள். மகள் அந்தக் கேள்வியில் மூன்று நிமிஷம் போராடி விடை போட்டிருந்தாள். அவளுக்கு லாபமா, நஷ்டமா?
— வாசகி, மஞ்சக்குப்பம்

ரேங்க்கைப் பொறுத்தவரை, முதல் விடைக்குறிப்பில் அவள் விடை சரி என்று இருந்திருந்தால் நஷ்டம். தப்பு என்று இருந்திருந்தால் லாபம். ஜேஇஇ மெயினில் ஒரு கேள்வியை நீக்கினால், தொட்டவர் தொடாதவர் எல்லோருக்கும் 4 மார்க். எல்லோரும் ஒரே படி ஏறினால் வரிசை மாறாது. ஏற்கெனவே அந்தப் படியில் நின்றவருக்கு மட்டும் முன்னிலை போய்விடும். போராடிய அந்த மூன்று நிமிஷத்தை எந்தக் கணக்கும் திருப்பித் தராது.

சிலருக்கு மட்டும் சேர்த்தால் கதை வேறு. 2024 நீட்டில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்கு ஈட்டு மார்க் கொடுத்தார்கள். ஒரு கேள்விக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்ற கணக்கில் 720-க்கு அடுத்து 716 வரலாம், ஒன்று தப்பானால் 715 வரலாம். 718, 719 வரவே வழியில்லை. பட்டியலில் அவை வந்ததும் பிள்ளைகளே முதலில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் அந்த மார்க் ரத்தாகி, விரும்பியவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு நடந்தது.

விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபிக்க இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள், கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. பாடப்புத்தகப் பக்கத்தைப் படமெடுத்துத் தயாராக வையுங்கள்.

மாதிரித் தேர்வில் 200 பேரில் 12-ஆவது இடம். பர்சன்டைல் எவ்வளவு?
— மாணவர், வில்லியனூர்

உங்களுக்கு மேலே 11 பேர். உங்களையும் சேர்த்து மீதி 189. அதை 200-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 94.5. ஆனால் அந்த 200 பேரும் காசு கட்டிக் கோச்சிங் படிக்கும் கூட்டம். உண்மைத் தேர்வில் சும்மா வந்து எழுதிப் பார்ப்பவர்களும் இருப்பார்கள், நாட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருப்பார்கள். 94.5-ஐச் சுவரில் ஒட்ட வேண்டாம் தம்பி, மேலே நிற்கும் அந்த 11 பேரும் சரியாகப் போட்டு நீங்கள் விட்ட கேள்விகளை ஒட்டுங்கள்.